கல்லுக்கு இருவர்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பவரிடம் இருந்தவை ஒரு கல், ஒரு கயிறு, ஒரு வலைப்பை. கல்லில் காலை ஊன்றி, மூக்கை விரலால் இறுகப் பிடித்தபடி இறங்குவார். இலங்கைச் சலாபங்களுக்கு, அதாவது முத்துக்குளிப்புப் பருவங்களுக்கு, வந்த அரபுக்காரர்கள் கொம்பில் செய்த கவ்வியை மூக்கில் மாட்டினார்கள். தமிழருக்கு விரலே போதும். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம்; இரு கைகளையும் விரித்த நீளமே ஒரு பாகம். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார், படகில் நிற்பவர் அதை மேலே இழுத்துக்கொள்வார். சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டினால், அவரையும் தூக்குவார்கள். எல்லாம் ஒரு நிமிடம், சிலருக்குக் கொஞ்சம் கூடுதல்.

கொற்கையில் இந்த வேலையைத் தண்டனை பெற்ற கைதிகள் செய்ததாக, முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளஸ் சொல்கிறது. அவ்வளவு கொடிய வேலை.

அந்த ஒரு நிமிடத்துக்கு எல்லை போட்டது எது? பிராணவாயு தீர்ந்துபோவது என்றுதான் தோன்றும். விடை 1905இல் கிடைத்தது. ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள், மூச்சை முழுதும் வெளிவிடும்போது கடைசியாக வரும் காற்றைப் பிடித்து அளந்தார்கள். பென் நெவிஸ் மலையுச்சியிலும், கார்ன்வால் சுரங்கத்தின் அடியிலும், நுரையீரலில் கரியமில வாயுவின் அழுத்தம் ஏறக்குறைய மாறவேயில்லை. அந்த அழுத்தம் சற்றே ஏறினாலும் மூளையின் அடித்தண்டு மூச்சை முடுக்கிவிடுகிறது. அடக்கிய நெஞ்சை முட்டுவது பெரும்பாலும் இந்த வாயுதான்.

அதே 1905இல், இலங்கையின் மரிச்சுக்கட்டியில் பெரும் சலாபம் நடந்தது. சுமார் 5,000 பேர் குளித்தார்கள். சுமார் 8 கோடிச் சிப்பிகள் கரையேறின.

அங்கே ஒரு கல்லுக்கு இருவர் என்பது வழக்கம். ஒருவர் குளிக்க, மற்றவர் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறுவார். சேர்ந்த கரியமில வாயு வெளியேறி, இரத்தம் தன் நிலைக்குத் திரும்ப அந்த இடைவேளைதான் உதவியது. ஆய்வுக்கூடம் எட்டாத காலத்திலேயே தொழில் கண்டுபிடித்த ஏற்பாடு இது. வியக்காமல் இருக்க முடியவில்லை.

இறங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அதிகநேரம் தாங்கலாம் என்பது ஆபத்தான நம்பிக்கை. கரியமில வாயு முன்பே வெளியேறிவிடுவதால் நெஞ்சு முட்டுவது தாமதமாகிறது. பிராணவாயுவோ குறைந்துகொண்டே போகிறது. எச்சரிக்கை இல்லாமலே மயக்கம் வந்துவிடும். நீருக்கடியில் நீந்துவோர் இப்படி மயங்குவதை அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிரெய்க் 1961இல் விளக்கினார்.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்ததும் 1961இல்தான். பிறகு பார்கள் எனப்படும் கடலடிச் சிப்பிப் படுகைகளில் போதிய சிப்பி விளையவில்லை. சங்கு குளிப்போர் இன்றும் இறங்குகிறார்கள்; பலர் வாயில் கம்ப்ரசர் குழாயோடு.