உனக்கு என்ன விடை வந்தது?



நீட் எழுதிவிட்டு வந்த பிள்ளையிடம், "முடிஞ்சது முடிஞ்சு போச்சு, இனிமே கேள்வித்தாளைத் தொடாதே" என்று பெற்றவர்கள் அதட்டுவதை வருடா வருடம் கேட்கிறேன். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்த இடைநிலை ஆசிரியை. மருத்துவ நுழைவுத்தேர்வுக்குப் பாடம் நடத்தியவள் அல்ல. இருந்தாலும் என்னிடம் 'அ, ஆ' எழுதிய பிள்ளைகள் பெரியவர்களாகி, பரீட்சை முடிந்ததும் பரபரப்போடு வீட்டுக்கு வந்து பேசியதை நிறையக் கேட்டிருக்கிறேன். "உனக்கு என்ன விடை வந்தது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் காலத்தில் மருத்துவக் கல்லூரிக்கு நேர்முகத் தேர்வு உண்டு. அதில் ஒப்பிட்டுப் பார்க்க என்ன இருக்கிறது? உள்ளே என்ன கேட்டார்கள், எதற்கு எத்தனை மார்க் போட்டார்கள் என்பது போட்டவர்களுக்குத்தான் தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றமே, தமிழ்நாட்டில் நேர்முகத்துக்கு மார்க் போட்ட விதத்தில் குறை கண்டது. 75 மார்க் அதற்கென்றே ஒதுக்கியிருந்தார்கள். 

1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. பிளஸ் டூ மார்க்கை 200-க்குச் சுருக்கி, நுழைவுத்தேர்வுக்கு 100 சேர்த்து, மொத்தம் 300-க்கு கட்-ஆஃப். பொறியியல் படித்த உங்களில் பலருக்குத் தன் கட்-ஆஃப் இன்றைக்கும் தசமப் புள்ளியோடு நினைவிருக்கும்! நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பரீட்சை வந்த பிறகுதான் பிள்ளைகளுக்கு வாசலிலேயே மார்க் எண்ணிப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஜெயலலிதா அரசு 2005-லும் 2006-லும் அந்தத் தேர்வை நீக்கப் பார்த்தது. உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. கலைஞர் ஆட்சியில் ஆனந்தகிருஷ்ணன் குழுவின் அறிக்கையைப் பெற்று, சட்டம் இயற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கி, 2007 சேர்க்கையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய மூச்சு.

பத்து வருடம் கழித்து, 2017-ல், நீட் நம்மையும் பிடித்தது.

அந்த வருடம் என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் புதுச்சேரியில் எழுதிவிட்டு ஒரே பஸ்ஸில் கடலூர் திரும்பினார்கள். ஒருவன் தமிழ் வழி, இன்னொருவன் ஆங்கில வழி. கன்னியக்கோயில் தாண்டுவதற்குள் ஒப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். ஒன்றுமே பொருந்தவில்லை. "விடை இல்ல டீச்சர், கேள்வியே வேற!" என்றான் வந்தவன். நான் முதலில் நம்பவில்லை. பிறகு பேப்பரில் வந்தது. மாநில மொழிகளில் எழுதியவர்களுக்குத் தனி வினாத்தாள் கொடுத்திருந்தார்கள். கடினம் எல்லாவற்றிலும் ஒன்றுதான் என்றது சி.பி.எஸ்.இ. மதுரைக் கிளை மே மாதம் முடிவுகளை வெளியிடத் தடை போட்டது. ஜூனில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. வேறு வேறு கேள்விக்கு விடை எழுதியவர்களை ஒரே தரவரிசையில் நிறுத்தினார்கள். மூன்றாம் வகுப்பு மாதத் தேர்வில் நான் அப்படிச் செய்திருந்தால் தலைமையாசிரியர் சும்மா விட்டிருப்பாரா?

அடுத்த வருடத்திலிருந்து எல்லோருக்கும் ஒரே கேள்வி என்று ஆனது. 2018 மே 6-ந் தேதி தேர்வு. தமிழில் எழுதியவர்கள் சுமார் 24,700 பேர். வினாத்தாளில் ஆங்கிலமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் இந்தத் தடவை உட்கார்ந்து ஒப்பிட முடிந்தது. அப்போதுதான் வண்டவாளம் வெளியே வந்தது. சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்று போட்டிருந்தார்கள். 'சீட்டா' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் இறக்கிவிட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைக்கு சீத்தா என்றால் பழம். அது ஓடுமா, பாயுமா? இப்படி 49 கேள்விகளில் பிழை என்று டெக் ஃபார் ஆல் என்ற அமைப்பு கணக்கெடுத்தது. 180 கேள்வியில் 49 என்றால் கால் பங்குக்கும் மேல்.

மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர் டி.கே.ரங்கராஜன் வழக்குப் போட்டார். நீதிபதிகள் சி.டி.செல்வம், ஏ.எம்.பஷீர் அகமது அமர்வு ஜூலை 10-ந் தேதி, தமிழில் எழுதிய எல்லோருக்கும் கேள்விக்கு 4 வீதம் 196 மார்க் கொடுக்கச் சொன்னது. பத்தே நாளில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது; நவம்பரில் ரத்தே செய்துவிட்டது. 196-ஐ எல்லோருக்கும் ஒரேபோல் போடுவது கணக்குக்கு ஒத்துவராது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கேள்விகளைச் சரியாக எழுதியவர்களுக்கு ஏற்கெனவே மார்க் விழுந்திருக்குமே. ஆனால் தப்பான கேள்விக்குப் பரிகாரமே கிடையாது என்று முடிந்ததைத்தான் இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி என்று விதியில் இருக்கிறது. ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்கிற பிள்ளை எதற்கு ஐயா தமிழ்த்தாள் கேட்கப்போகிறது?

இது நமக்கு வெறும் செய்தி இல்லை. அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985-லிருந்து இருக்கிறது. பல்கலைக்கழகத்தை 2013-ல் அரசு எடுத்துக்கொண்ட பிறகும் கட்டணம் இறங்கவில்லை. மாணவர்கள் வாரக்கணக்கில் போராடி, 2021-ல்தான் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆகி, மற்ற அரசுக் கல்லூரிக் கட்டணம் கிடைத்தது. 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் இப்போது அங்கே படிக்கலாம். கீழ வீதியிலிருந்து நடந்தே போகக்கூடிய கல்லூரி. சரியான விடைக்கு 4, தப்பானால் 1 கழிவு. ஆக ஒரு கேள்வி கைமாறினால் 5 மார்க். அந்த 5 மார்க்கில் எத்தனை பேர் முன்னே பின்னே போய்விடுகிறார்கள்!

2024-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. அணுக்களைப் பற்றிய ஒரு இயற்பியல் கேள்வி. 'ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களும் நிலைத்தன்மை உடையவை' என்ற கருத்தில் அமைந்த கூற்று சரியா தப்பா? பழைய என்.சி.இ.ஆர்.டி. புத்தகப்படி சரி, திருத்திய புத்தகத்தில் 'பெரும்பாலான தனிமங்களின்' என்று மாற்றியிருந்தார்கள், ஆகவே தப்பு. அக்காவின் புத்தகத்தை வாங்கிப் படித்த தங்கைக்கு ஒரு விடை, புதுப் புத்தகம் வாங்கியவளுக்கு வேறு விடை. தேர்வு முகமை முதலில் இரண்டுக்கும் மார்க் கொடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போக, டெல்லி ஐ.ஐ.டி.யின் மூன்று நிபுணர்கள் பார்த்து ஒரே விடைதான் சரி என்றார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மார்க் குறைந்தது. முழு மார்க் 720 வாங்கியவர்கள் கருணை மதிப்பெண்ணையும் சேர்த்து முதலில் 67 பேர். மறுதேர்வுக்குப் பின் 61. இந்த ஒரு கேள்விக்குப் பின் 17. பழைய புத்தகம் வாங்கிப் படிக்கிற வீடு எந்த வீடு என்று உங்களுக்கே தெரியும்.

சீனாவில் 'காவ்காவ்' என்று ஒரு நுழைவுத்தேர்வு. அங்கே பல மாகாணங்களில் ஒரு காலத்தில், பிள்ளைகள் விடைக்குறிப்பை வைத்துத் தன் மார்க்கைத் தானே மதிப்பிட்டு, முடிவு வருமுன்பே கல்லூரிப் பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பிடத் தெரியாத பிள்ளைக்குக் கல்லூரியே தவறிப்போகும். நம் ஊரில் அவ்வளவு இல்லை. ஆனால் விடைக்குறிப்பை ஆட்சேபிக்க முன்பு கேள்விக்கு 1000 ரூபாய் கட்ட வேண்டும், இப்போது 200. மூன்று கேள்வி என்றால் அன்றைக்கு 3000. நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவிடம் எந்தப் பிள்ளை அதைக் கேட்கும்?

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளைகள் ஒப்பிட்டால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஆங்கிலத்தையும் தமிழையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2017, 2018-ல் தமிழில் எழுதிய நம் பிள்ளைகள் யாராவது அந்த வினாத்தாளைப் பத்திரமாக வைத்திருந்தால், பக்கம் பக்கமாகப் படமெடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். பெயர், பதிவு எண் தெரியாமல் மறைத்துவிடுங்கள். என் கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.