ஆட்டுக்கல்லும் கிரைண்டரும்

ஆட்டுக்கல் என்பது நடுவில் குழியுள்ள கனத்த கருங்கல்லும் அதனுள் சுழலும் குழவியும் கொண்ட அரைப்புக் கருவி. ஆட்டுரல், ஆட்டாங்கல் என்றும் சொல்வர். தமிழகத்தில் 1940களில் பிறந்த ஒரு பெண், சிறுமியாக இருந்தபோது இதில் மாவாட்டக் கற்றிருப்பார். நடுவயதில் மின்சாரக் கிரைண்டரை வாங்கியிருப்பார். முதுமையில் கடையில் விற்கும் மாவுப் பொட்டலத்தையும் பார்த்திருப்பார். இம்மூன்றும் ஒரே ஆயுளுக்குள் நடந்தவை.

கல்லில் ஆட்டுவது இரு கைகளுக்கும் வேலை. ஒரு கை குழவியைச் சுற்ற, மறு கை ஓரத்தில் ஒதுங்கும் மாவைக் குழிக்குள் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உளுந்தைத் தனியாக, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்கப் பொங்க ஆட்ட வேண்டும், பிறகு அரிசி. ஒரு குடும்பத்துக்கு வேண்டிய மாவுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் பிடிக்கும். அதனால்தான் பல சிற்றூர்களில் இட்லியும் தோசையும் தீபாவளி, பொங்கல், விருந்தாளி வருகை ஆகியவற்றுக்கு உரிய பலகாரமாக இருந்தன. அன்றாட உணவு களியும் கூழும் பழைய சோறுமே. அரிசியின் விலையும் இதற்கு ஒரு காரணம்தான். ஆனால் அரிசி இருந்த வீட்டிலும் தினம் ஆட்ட ஆள் வேண்டுமே.

கல் வழுவழுப்பானால் அரைபடாது. அப்போது உளியும் சுத்தியலும் கொண்டு அதைக் கொத்தித் தர, "அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ" என்று தெருவில் கூவிக்கொண்டு ஆட்கள் வருவார்கள்.

கோவையின் பங்கு

பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியபின் கோவையில் நூற்பாலைகள் பெருகின. அவற்றோடு வார்ப்படச் சாலைகளும் பட்டறைகளும் வளர்ந்தன. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மின்மோட்டாரை உருவாக்கினர். மோட்டார், பட்டறை, சுற்றுவட்டாரக் கருங்கல் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் இருந்தபடியால் கிரைண்டர் அங்கே பிறந்தது வியப்பன்று. 1955இல் அதை முதலில் உருவாக்கியவர் என்று கோவையைச் சேர்ந்த பி. சபாபதி குறிப்பிடப்படுகிறார்.

இதில் கவனிக்கத்தக்கது ஒரு தலைகீழ் மாற்றம். ஆட்டுக்கல்லில் உரல் அசையாது, குழவி சுற்றும். கிரைண்டரில் உரல் சுற்றுகிறது, குழவி நின்ற இடத்திலேயே இருக்கிறது. மாவைத் தள்ளிவிடும் கைக்குப் பதிலாக ஒரு தகடு வந்தது. மற்றபடி கல் கல்லாகவே இருந்தது. பழைய கருவியை அறிந்தவர்கள் செய்த இயந்திரம் என்பது பார்த்தாலே தெரியும்.

முதலில் இதை வாங்கியவை பெரும்பாலும் உணவகங்களே. வீட்டுக்கு வந்த பெரிய கிரைண்டரில் மாவை வழித்தெடுப்பதும் குழவியைத் தூக்கிக் கழுவுவதும் சிரமம். பாத்திரத்தோடு சாய்த்து மாவை ஊற்றக்கூடிய வகையும், பின்னர் மேசைமேல் வைக்கும் சிறிய வகையும் வந்து அந்தச் சிரமத்தைக் குறைத்தன. கிரைண்டர் வாங்க முடியாத வீடுகளுக்கு மாவு அரைத்துத் தரும் கடைகள் இருந்தன. ஊறவைத்த அரிசியைத் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோய், வரிசையில் நின்று அரைத்து வருவார்கள்.

மிக்ஸி தமிழ்ச் சமையலறைக்குள் நுழைந்தபோது அம்மியின் வேலையை எளிதில் எடுத்துக்கொண்டது. ஆட்டுக்கல்லின் வேலையை அதனால் முழுதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வேகமாகச் சுழலும் பிளேடு மாவைச் சூடாக்குகிறது. உளுந்து கல்லில் பொங்குவதுபோல அதில் பொங்குவதில்லை. ஆகவே இரு கற்களுக்கு இரு இயந்திரங்கள் என்றாயிற்று. அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15, 2011 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லாப் பொருள்கள் திட்டத்தில் மின்விசிறியோடு மிக்ஸி, கிரைண்டர் இரண்டும் இடம்பெற்றன. ஒன்று போதும் என்று எவரும் சொல்லவில்லை. இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 2005-06இல், கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்றிருந்தது.

குறைந்ததும் கூடியதும்

கை நோவு தீர்ந்தது உண்மை. ஆனால் ஆட்டுவது எளிதானவுடன் இட்லி தினப்படி உணவாயிற்று. காலையில் இட்லி, இரவில் தோசை என்பது பல வீடுகளின் வழக்கமானது. ஊறவைத்தல், கழுவுதல், கரைத்தல், மறுநாள் ஊற்றுதல் எல்லாம் அதே பெண்ணிடமே இருந்தன. வேலையின் சுமை குறைந்தது, முறைகள் கூடின. உண்மையான ஓய்வைத் தந்தது கிரைண்டரும் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்த கூட்டு எனலாம். ஒரு முறை ஆட்டி நான்கைந்து நாள் வைத்துக்கொள்ள முடிந்தபின்தான் மாவாட்டுதல் வாரத்தில் ஓரிரு நாள் வேலையாகச் சுருங்கியது.

புதிய கட்டுப்பாடு ஒன்றும் வந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்றபோது, கரண்ட் வரும் நேரமே மாவாட்டும் நேரமாயிற்று. பாதி அரைபட்ட உளுந்தோடு கிரைண்டர் நின்றுபோன வீடுகளில், கொல்லையில் கிடந்த ஆட்டுக்கல்லைக் கழுவிப் பயன்படுத்த முயன்றவர்கள் உண்டு. இளையவர்களுக்கு அது கைவரவில்லை.

இன்று மாவே பொட்டலமாகக் கிடைப்பதால் கிரைண்டர் ஓசையும் பல வீடுகளில் குறைந்து, தெருமுனை மாவுக் கடைக்குப் போய்விட்டது. அம்மிக்கு மட்டும் திருமணச் சடங்கில் ஓர் இடம் இருக்கிறது. மணப்பெண் மிதிப்பதற்காகக் கல்யாண மண்டபங்களில் சிறிய அம்மி ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆட்டுக்கல்லுக்கு அப்படி ஒரு சடங்கு இல்லை. அது கிணற்றடியில் மழைநீர் தேங்கிக் கிடக்கிறது.