பழைய கிட்டாரைத் திறந்தால்: ஒயர், அரக்கு, ஒரு மாண்டலின்

ஆரப்பாளையத்துலேர்ந்து பேசுறேன், நடுவுல பஸ் ஹாரன் கேட்டா கண்டுக்காதீங்க.

இன்னைக்கு ஒரே கேள்விதான். பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒண்ணு கைக்கு வருது. உள்ள இருக்குற ஒயரை எல்லாம் மாத்தி, பெயிண்டைச் சுரண்டிப் புதுசாக்கலாமா? இல்ல, இருக்குறபடியே விடணுமா? பார்க்க ரிப்பேர் கேள்வி மாதிரி தெரியும். உள்ள போனா இது வரலாற்றுக் கேள்வி.

ரேடியோ கடையில பிறந்த வாத்தியம்

விற்பனைக்கு வந்து நிலைச்ச முதல் எலெக்ட்ரிக் கிட்டார், மடியில படுக்க வச்சு வாசிக்கிற ஹவாயன் வகை. அமெரிக்காவுல ஜார்ஜ் பொஷாம்ப் உருவாக்கினது. உருவத்தால அதுக்கு 'வாணலி'ன்னே பட்டப்பேர். 1930-களின் தொடக்கத்துல வந்தது, காப்புரிமை கிடைச்சது 1937-ல். தத்துவம் எளிமையானது. காந்தத்துக்கு மேல இரும்புக் கம்பி அதிரும், சுத்தியிருக்குற செப்புக் கம்பிச் சுருள்ல சின்ன மின்சாரம் பிறக்கும். அதை ஆம்ப்ளிஃபையர் பெருக்கும். இதுக்குப் பேருதான் பிக்கப்.

1950-ல் இதை மடியிலேர்ந்து தோளுக்குக் கொண்டுவந்து, கட்டையான மரத்துல செஞ்சு, பெரிய அளவுல வித்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. கலிஃபோர்னியாவுல 1938-லேர்ந்து ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவர். அந்தப் புத்தி அவர் கிட்டார்ல அப்படியே தெரியும். கழுத்தை ஒட்டல, ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்ல பிக்கப், ஸ்விட்ச், வால்யூம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் தகட்டுல தொங்கும். ஸ்க்ரூவைக் கழட்டினா மொத்தமும் கையோட வந்துடும். அதாவது, திறக்கணும்னு நினைச்சே செஞ்ச வாத்தியம் இது.

வாங்கினவங்களும் சும்மா இருக்கல. ஸ்ட்ராட்டோகாஸ்டர்ல முதல்ல மூணு நிலை ஸ்விட்ச்தான். வாசிக்கிறவங்க அதை ரெண்டு நிலைக்கு நடுவுல நிறுத்தி, ரெண்டு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கிற புது நாதத்தைக் கண்டுபிடிச்சாங்க. கம்பெனி ஐந்து நிலை ஸ்விட்ச் போட்டது 1977-ல். இருபது வருஷத்துக்கு மேல வாசிக்கிறவன் முன்னாடி போனான், கம்பெனி பின்னாடி வந்தது.

மேல் பூச்சு: காரும் அரக்கும்

பழைய கிட்டார்களோட பளபளப்பு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அது கார் பெயிண்ட். 1920-கள்ல டூபாண்ட் கம்பெனி கொண்டுவந்த ட்யூக்கோ வகை சீக்கிரம் காயும்ங்கறதால கார் தொழிற்சாலைகள் எல்லாம் அதைப் பிடிச்சுக்கிச்சு. ஃபெண்டரோட ஸ்பெஷல் கலர்களும் கார் கலர்கள்தான். 'லேக் பிளாசிட் ப்ளூ' காடில்லாக் நிறம்.

'லாக்கர்'ங்கற சொல்லோட வேர் நம்ம ஊர் அரக்கு. வடமொழி லாக்ஷாவுலேர்ந்து ஐரோப்பாவுக்குப் போன சொல் அது. கட்டில், பீரோவுக்கு ஸ்பிரிட்ல கரைச்சுத் துணியால தேய்ப்பாங்களே ஃப்ரெஞ்சு பாலிஷ், அதுவும் இதே அரக்குதான். ரெண்டுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. மேல புதுப் பூச்சு போட்டா பழைய பூச்சு கொஞ்சம் இளகி அதோட சேர்ந்துக்கும், அதனால ஒட்டுப் போடலாம். பிற்காலத்துல வந்த பாலியெஸ்டர் பூச்சு அப்படி இல்ல. கல்லு மாதிரி நிக்கும், உடைஞ்சா ஓடு மாதிரி பேர்ந்து வரும். உப்புத்தாளைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி, மேல இருக்குறது எதுன்னு தெரிஞ்சுக்கணும்.

நம்ம பக்கத்து உதாரணம்

இந்தியாவுல நுகர்பொருள் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் முழுசா விலகினது 2001-ல்தான். அதுவரைக்கும் வெளிநாட்டு வாத்தியம் எல்லார் கைக்கும் எட்டாது. கொல்கத்தா கிவ்சன் மாதிரி உள்ளூர்க் கிட்டார்லதான் நிறைய பேர் பழகினாங்க. இருக்குறதை மாத்தி வேலைக்கு ஆக்கறது இங்க பொழுதுபோக்கு இல்ல, கட்டாயம்.

அதுல உச்சம்னு நான் நினைக்கறது யு. ஸ்ரீநிவாஸ். 1969-ல் ஆந்திராவுல பாலகொல்லுல பிறந்தவர். அப்பாவோட மாண்டலினைச் சின்ன வயசுலயே எடுத்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கம்பியில கொண்டுவருவான். 1981-ல், 12 வயசுல, சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடை.

சிக்கல் வாத்தியத்துல இருந்தது. மாண்டலின்ல நாலு ஜோடிக் கம்பி. தட்டினா நாதம் சட்டுனு அடங்கிடும். கமகத்துக்கு நாதம் நீண்டு நிக்கணும், கம்பியும் வளையணும். ஜோடிக் கம்பியை வளைச்சா ரெண்டும் ஒரே சுருதியில வளையாது. அதனால ஜோடியை விட்டுட்டு ஒற்றைக் கம்பிகள், அதுவும் நாலுக்குப் பதிலா ஐந்து, கூடவே எலெக்ட்ரிக் பிக்கப். கம்பி, பிக்கப், ஆம்ப்ளிஃபையர் மூணும் மாறினப்புறம்தான் அது கர்நாடக வாத்தியம் ஆச்சு. 2014-ல் அவர் மறையும்போது 'மாண்டலின்' அவர் பேரோடவே ஒட்டியிருந்தது. "ஒரிஜினலா வச்சிருந்திருக்கலாமே"ன்னு இன்னைக்கு யாராவது கேட்பாங்களா?

அப்ப எல்லாத்தையும் மாத்திடலாமா?

அவசரப்பட வேண்டாம். பழைய அமெரிக்கக் கிட்டார்களை எந்த வருஷத்துதுன்னு கண்டுபிடிக்க, வால்யூம் கண்ட்ரோலோட முதுகைப் பார்ப்பாங்க. 1376625ன்னு எண் இருந்தா, 137 செஞ்ச கம்பெனி சி.டி.எஸ்., 66 வருஷம், 25 வாரம். கல்வெட்டு மாதிரிதான். அதைக் கழட்டிக் குப்பையில போட்டா, அந்தக் கிட்டாரோட பிறப்புச் சான்றிதழே போச்சு. பெயிண்டைச் சுரண்டினா சந்தையில விலை பாதி வரைக்கும் விழும்னு சொல்றதுக்கும் காரணம் இதுதான். ஆதாரம் அழியுது.

நான் செகண்ட் ஹேண்ட்ல வாங்கின கிட்டார் அப்படி ஒண்ணும் அரிய பொருள் இல்ல. ஆனா ஆம்ப்ல போட்டா 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான் முதல்ல கேட்கும். எர்த் ஒயர் விட்டுப்போயிருந்தது. பிக்கப்பைத் தொடல, ஏறக்குறைய முடி கனத்துல ஆயிரக்கணக்கான சுத்து, அறுந்தா அவ்வளவுதான். எர்த்தைப் பத்தவச்சு, குழிக்குள்ள செப்புத் தாள் ஒட்டி, வால்யூம், டோன் ரெண்டையும் மாத்தினேன். முன்னாடி வாசிச்ச யாரோ ஒருத்தரோட முழங்கை தேய்ச்ச இடத்துல பூச்சு போய் மரம் தெரியுது. அதை அப்படியே விட்டுட்டேன்.

என் கணக்கு இது: நாதத்துக்குத் தடையா இருக்குறதை மாத்து, தடையா இல்லாததைத் தொடாதே. கழட்டின பழைய பாகத்தை ஒரு கவர்ல போட்டு, தேதி எழுதி, கிட்டார் பெட்டிக்குள்ளயே வை. அடுத்து வாங்குறவருக்கு அது வேணும்.

உங்க வீட்டுல, சர்ச்சுல, கச்சேரி ட்ரூப்ல பழைய வாத்தியம் ஏதாவது கிடந்தா, திறக்கறதுக்கு முன்னாடி உள்பக்கம் நாலு போட்டோ எடுத்து வைங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.