மோட்டார் சைக்கிளும் அதன் சில்லும்

மோட்டார் சைக்கிளின் பெருமையைப் பேசுவோர் அதன் எந்திரத்தின் வலுவைப் பற்றியும் அது ஓடும் வேகத்தைப் பற்றியுமே பெரிதும் பேசுவர். வண்டியையும் அதன்மேல் இருப்பவரையும் தாங்கிக்கொண்டு, வீதியின் மேடுபள்ளங்களை முதன்முதலில் ஏற்றுக்கொள்ளும் சில்லைப் பற்றி, அது பழுதுற்று நடுவழியில் நின்றுவிடும் வரையில், எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் இந்த வாகனத்தின் வரலாற்றைத் துருவிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். எந்திரம் மாறியபோது வண்டி விரைந்து ஓடிற்று. சில்லு மாறியபோதுதான் மனிதர் அதிலே துன்பமின்றிச் செல்லலாயினர்.

1885ஆம் ஆண்டில் ஜேர்மனியின் கான்ஸ்டாட் என்னும் ஊரிலே கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாஹும் எண்ணெயால் இயங்கும் இருசில்லு வண்டி ஒன்றைச் செய்தனர். அதன் எந்திரத்தின் வலு அரைக் குதிரை வலு மாத்திரமே. சில்லுகளோ மரத்தாலானவை, மாட்டுவண்டிச் சில்லைப் போல இரும்புப் பட்டம் பூட்டப்பெற்றவை. வண்டி சாய்ந்து விழாதிருக்கும்பொருட்டு இரு பக்கங்களிலும் சிறு சில்லுகள் வேறு இருந்தன. கல் பாவிய தெருவிலே அவ்வண்டியில் ஏறிச் சென்றவர் பட்ட பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. அதற்கு முன்னரே ஓடிய மரச்சில்லுத் துவிச்சக்கரவண்டிக்கு ஆங்கிலேயர் ‘எலும்பை உலுக்குவது’ என்று பெயரிட்டிருந்தனர். டைம்லரின் வண்டிக்கும் அப்பெயர் பொருந்தும்.

இத்துன்பத்துக்கு மருந்து ஏற்கனவே கண்டுபிடிக்கப்பட்டு, மறக்கப்பட்டும் இருந்தது என்பதுதான் வியப்பு. ஸ்கொட்லாந்து தேசத்தவரான ரொபேர்ட் வில்லியம் தொம்சன் என்பார், காற்றடைத்த குழாயைச் சில்லைச் சுற்றிப் பொருத்தும் முறைக்கு 1845ஆம் ஆண்டிலேயே உரிமைப் பத்திரம் பெற்றிருந்தார். றப்பர் பூசிய துணிக்குழாயும் அதன்மேல் தோலுறையுமாக அமைந்த அச்சில்லுகளைக் குதிரைவண்டிகளிற் பூட்டி லண்டன் மாநகரத்துப் பூங்காவொன்றில் ஓட்டியும் காட்டினார். ஆனால் அதனை விரும்பி வாங்குவோர் அக்காலத்தில் இல்லை. தொம்சன் 1873இல் காலமானார்.

பின்னர் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜோன் போய்ட் டன்லொப், தம் சிறிய மகனின் முச்சில்லு வண்டி குலுங்காதிருக்க வழி தேடினார். தொம்சனைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. மரத்தட்டு ஒன்றைச் சுற்றிக் காற்றடைத்த றப்பர்க் குழாயைப் பிணைத்து, அதனையும் மகனுடைய வண்டியின் பழைய சில்லையும் முற்றத்திலே ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டார். பழைய சில்லு பாதிவழியிலேயே சோர்ந்து விழுந்தது. காற்றுச் சில்லோ முற்றத்தின் கோடி வரை ஓடிக் கதவில் மோதித் திரும்பிற்று. மெத்தென்றிருப்பதற்காகச் செய்யப்பட்ட சில்லு விரைவாகவும் ஓடுகிறது என்பது அன்றைக்கு வெளியாயிற்று. 1888இல் டன்லொப்புக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. தொம்சன் முந்திக்கொண்டார் என்பது தெரியவரவே, சில ஆண்டுகளுக்குள் அது செல்லாததாயிற்று. பத்திரம் போயினும் பெயர் டன்லொப்புக்கே நிலைத்தது. அந்நாளில் றப்பர் பெரும்பாலும் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. 1876இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவுக்கு அண்மையிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்திலே நடப்பட்ட கன்றுகள் அப்போதுதான் மரங்களாகி நின்றன.

காற்று ரயர் பூட்டிய மோட்டார் சைக்கிளை மக்களுக்கு விற்பனை செய்தவர்கள் மியூனிக் நகரத்து ஹில்டபிராண்ட், வூல்ப்முல்லர் என்போர், ஆண்டு 1894. இவ்வண்டியின் பின்சில்லு ஒரு விசித்திரம். எந்திரத்தின் தண்டுகள் நேரே அச்சில்லைச் சுழற்றின. எந்திரத்தின் ஓட்டத்தைச் சீராக்கும் பாரச்சக்கரமாகவும் அச்சில்லே பணிபுரிந்தது. சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால், பாரமான சில்லு வண்டிக்கு நல்லதன்று என்பதைப் பிற்காலத்தார் அறிந்துகொண்டனர்.

அதன் காரணம் இரண்டு. துவிச்சக்கரவண்டியின் முன்சில்லைக் கழற்றி, அச்சின் இரு முனைகளையும் கைகளாற் பிடித்துக்கொண்டு, பிறரைக் கொண்டு அதனை வேகமாகச் சுழற்றச் செய்து, பின் ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தால் அது கைக்கு அடங்காது முரண்டு பிடிப்பதை உணரலாம். சில்லு எவ்வளவு பாரமாகவும் பெரிதாகவும் இருக்கின்றதோ அவ்வளவுக்கு இம்முரண்டும் மிகும். நேர்வழியில் வண்டி உறுதியாகச் செல்வதற்கு இது துணைசெய்யும். வளைவிலே வண்டியைச் சாய்க்க முயல்பவருக்கோ இதுவே தடை. மற்றது, சுருள்வில் தாங்குவது வண்டியின் உடலை மாத்திரமே. சில்லு வில்லுக்குக் கீழே இருப்பது. அது பாரமானால், மேட்டில் ஏறியபின் வீதியை விட்டெழுந்து, திரும்பி வீதியைப் பற்றுவதற்குத் தாமதிக்கும். பற்றாத சில்லுக்குத் தடுப்புக்கருவியும் பயன்படாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், சில்லின் அளவை வைத்தே இரண்டு நாடுகள் இரண்டு வழிகளிற் சென்றன. இத்தாலியிலே கொராடினோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியியலாளர் 1946இல் வெஸ்பா வண்டியை அமைத்தார். அதன் சில்லு 8 அங்குல அளவினது. விமானத்தின் சில்லைப்போல ஒரு பக்கத்தே மாத்திரம் தாங்கப்பட்டமையால், ரயர் வெடித்தால் எளிதிற் கழற்றி மாற்றலாம். நெரிசலான தெருவிலே வண்டி சட்டென்று திரும்பும். ஆனால் பெரிய சில்லு கடந்து செல்லும் குழியிலே சிறிய சில்லு இறங்கிவிடும். கல்லின் விளிம்பிலும் செங்குத்தாகவே போய் மோதும். மறுபுறத்தில், ஜப்பானிலே ஹொண்டா நிறுவனம் 1958இல் சுப்பர் கப் வண்டியை வெளியிட்டபோது, அந்நாட்டின் தாரிடாத வீதிகளை மனதிற்கொண்டு 17 அங்குலச் சில்லையே தேர்ந்தது. அந்த அளவில் ரயர் அங்கே செய்யப்படாதிருந்தமையால் புதிதாகச் செய்விக்கவேண்டியும் வந்தது. அவ்வகை வண்டிகள் 2017ஆம் ஆண்டளவில் பத்துக் கோடியைத் தாண்டின. வெஸ்பாவின் அழகை மறுப்பதற்கில்லை. எனினும் குண்டும் குழியுமான கிராமத்துப் பாதைக்கு ஜப்பானியரின் தேர்வே தக்கது.

1970களிலே கம்பிச் சில்லுக்குப் போட்டியாக வார்ப்புச் சில்லு பரவிற்று. கம்பிகள் துளைத்துச் செல்லும் சில்லிலே காற்று நில்லாது. ஆதலின் உட்குழாய் வேண்டும். ஆணி தைத்தால் குழாய் ஒருங்கே வெடித்து வண்டி தடுமாறும். வார்ப்புச் சில்லிலே குழாயில்லாத ரயரைப் பூட்டலாம். காற்று மெல்லவே கசியும். இதனாற் காக்கப்பட்ட உயிர்கள் பல. ஆயினும் காட்டுவழியிலும் கற்பாதையிலும் செல்வோர் கம்பிச் சில்லை இன்றும் கைவிடவில்லை. அது நெளிந்து கொடுக்கும், கோணினாலும் நிமிர்த்தலாம். வார்ப்புச் சில்லு வெடித்தால் வெடித்ததுதான்.

இலேசான சில்லைத் தேடுவதிலும் ஆபத்து உண்டு. 1983இல் உலகப் பந்தய வீரராக விளங்கிய பிரெடி ஸ்பென்சர், அடுத்த ஆண்டு தென்னாபிரிக்காவில் புதிய ஹொண்டா வண்டியைப் பரீட்சித்தபோது, காபன் நாரினாற் செய்த அதன் பின்சில்லு உடைந்துவிட்டது. அவர் காயமுற்றார், அப்பந்தயத்திற் கலந்துகொள்ள இயலாது போயிற்று. அக்காலத்திலே பந்தயக்காரர் முன்சில்லை 16 அங்குலமாகக் குறுக்கி, திருப்பத்தின் விரைவைக் கூட்டவும் முயன்றனர். சாலை வண்டிகளும் சில காலம் அதனைப் பின்பற்றிப் பின் கைவிட்டன. பந்தயக் களம் பதினாறரை அங்குலத்திலே நெடுநாள் நின்று, 2016ஆம் ஆண்டில் 17 அங்குலத்துக்கு வந்து சேர்ந்தது. ஜப்பானியத் தெருக்களில் ஒரு கையாற் சாப்பாட்டுத் தட்டை ஏந்தி மறுகையால் ஓட்டிச் சென்ற கடைப் பையனின் வண்டியிலே, 1958இல் பூட்டப்பெற்றதும் அதே அளவுதான்.