திருமணத்தின் வழி வசிப்புரிமை: அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் இரு வாசல்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் உரிய அனுமதியின்றி வாழும் வெளிநாட்டவர் ஒருவர், அந்நாட்டுக் குடிமகனையோ குடிமகளையோ மணந்து, அதன் வழியாக நிரந்தர வசிப்புரிமை பெறுவது ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உடைய நடைமுறை. இந்த உரிமைக்கு அத்தாட்சியாகத் தரப்படும் அட்டையைத்தான் கிரீன் கார்டு என்கிறோம். அமெரிக்கக் குடிமகளைக் கட்டிக்கொண்டால் கிரீன் கார்டு தானாக வந்துவிடும் என்று நம் ஊர்ப் பக்கம் பேசிக்கொள்வதுண்டு. உண்மை அத்தனை எளிதன்று. திருமணம் விண்ணப்பிக்கும் தகுதியைத் தருகிறது, அவ்வளவுதான். அந்த விண்ணப்பம் எங்கே வைத்து முடிவாகும், அதற்குள் குடும்பம் பிரிய வேண்டியிருக்குமா என்பதையெல்லாம் வேறொரு கேள்வி தீர்மானிக்கிறது. இவர் நாட்டுக்குள் எந்த வாசல் வழியாக வந்தார் என்பதே அக்கேள்வி.

ஒரே நிலை, இரு முடிவுகள்

இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் சுற்றுலா விசாவில் விமானத்தில் வந்தார். விமான நிலையத்தில் அதிகாரி கடவுச்சீட்டைப் பார்த்து முத்திரை குத்தி உள்ளே விட்டார். தவணை முடிந்த பிறகு அவர் ஊர் திரும்பவில்லை. 12 ஆண்டுகள் தங்கிவிட்டார். மற்றவர் மெக்சிகோ எல்லையில் அரிசோனாப் பாலைவனத்தை இரவில் நடந்து கடந்தார்; அவரும் 12 ஆண்டுகள் தங்கினார். இருவரும் அனுமதியின்றி வேலை செய்தார்கள். இருவரும் அமெரிக்கக் குடிமக்களை மணந்தார்கள். இருவருக்கும் பிள்ளைகள் உண்டு.

முதலாமவர் தாம் வாழும் ஊருக்கு அருகிலுள்ள குடியேற்ற அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து, நேர்காணலுக்குப் போய், அட்டை பெறலாம். தவணை கடந்து தங்கியதும் அனுமதியின்றி உழைத்ததும் குடிமகனின் வாழ்க்கைத்துணைக்குத் தடையாவதில்லை என்று சட்டமே விலக்கு அளிக்கிறது. இரண்டாமவருக்கு அந்த வழி இல்லை. அவர் தம் தாய்நாட்டுக்குச் சென்று அங்குள்ள அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் குடியேற்ற விசா பெற்றுத்தான் திரும்ப வேண்டும். அப்படி வெளியே கால் வைத்த நாளிலிருந்தே அவர்மீது பத்தாண்டுத் தடை விழுந்துவிடுகிறது.

சட்டம் தேடுவது எல்லையில் ஓர் அதிகாரியால் ‘பரிசோதிக்கப்பட்டு அனுமதிக்கப்பட்ட’ வரவை. இந்தச் சொற்களுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை 2010-இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்த்த ஒரு வழக்கு காட்டும். எல்லைச் சாவடியில் நின்ற காரில் ஒரு பெண் பயணியாக உட்கார்ந்திருந்தார். அதிகாரி அவரிடம் எதுவும் கேட்காமல், கையசைத்துக் காரை உள்ளே போகவிட்டார். நுழைவதற்குரிய ஆவணம் அப்பெண்ணிடம் இல்லை. ஆயினும் முறைப்படியான சாவடியில் அதிகாரி முன்பாக வந்ததால் அது அனுமதிக்கப்பட்ட நுழைவே என்று வாரியம் தீர்ப்பளித்தது. அதே பெண் சாவடியிலிருந்து சில மைல் தள்ளி வேலியைத் தாண்டி வந்திருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

இந்தப் பிரிவினை வந்த கதை

1924-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டு ஒதுக்கீடு வகுத்தது. குடிமகனின் மனைவிக்கு அந்த ஒதுக்கீட்டிலிருந்து விலக்கு கிடைத்தது. குடிமகளின் கணவனுக்கு அப்போது கிடைக்கவில்லை. ஆண், பெண் வேறுபாடு முழுவதும் நீங்க 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆசியர் நிலை இன்னும் மோசம். சீனாவில் பிறந்த மனைவியரை அமெரிக்கக் குடிமக்களே அழைத்துவர முடியாது என்று 1925-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நாளில் குடியுரிமை பெறும் தகுதியே ஆசிய இனத்தவருக்கு மறுக்கப்பட்டிருந்ததுதான் காரணம்.

ஏற்கெனவே நாட்டுக்குள் சட்டமின்றி இருந்தவர்களுக்கு 1935-இல் ‘முன்பரிசோதனை’ என்ற ஏற்பாடு உருவானது. விண்ணப்பதாரரை அமெரிக்காவிலேயே முதலில் விசாரித்து, தகுதி உண்டென்று கண்டால், கனடாவுக்குப் போய் அங்குள்ள தூதரக அலுவலகத்தில் விசா வாங்கி வரச் சொல்வார்கள். எல்லை தாண்டிப் போய்வந்தால் சட்டமின்றி இருந்தவர் சட்டப்படி வந்தவராகிவிடுவார். குடிமக்களை மணந்த பலர் இதனால் பயன்பெற்றனர். பயன்பெற்றோர் பெரும்பாலும் ஐரோப்பியர். 1945-இல் மெக்சிகோ, கனடா, அண்டைத் தீவுகள் ஆகியவற்றின் குடிமக்கள் இந்த ஏற்பாட்டிலிருந்து வெளிப்படையாகவே விலக்கப்பட்டனர். வாசல் பார்த்து ஆளைப் பிரிக்கும் வழக்கத்தில் நாடும் இனமும் எவ்வளவு கலந்திருந்தன என்பதை மாணவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்.

1952-இன் சட்டத்தில் 245-ஆம் பிரிவு, வெளியே போகாமலே நிலையை மாற்றிக்கொள்ளும் வசதியைத் தந்தது. 1960-இல் அப்பிரிவு திருத்தப்பட்டபோதுதான் ‘பரிசோதிக்கப்பட்டு அனுமதிக்கப்பட்டவர்’ என்ற அளவுகோல் நுழைந்தது. அப்போது அது ஒரு தளர்வாகவே கருதப்பட்டது. எல்லையைத் திருட்டுத்தனமாகக் கடந்தவர் மட்டும் வெளியே போய்த் திரும்ப வேண்டும். அதிலும் அன்றைக்குப் பெரிய ஆபத்து இல்லை. சில வாரம் ஊருக்குப் போய்வருவது போலத்தான்.

மெய்யான திருமணம் எது?

சலுகை இருக்கும் இடத்தில் மோசடியும் வரும். போர்வீரர்களின் மனைவியரை அழைத்துவர 1945-இல் இயற்றப்பட்ட சட்டத்தைப் பயன்படுத்தி, பாரிசில் இருந்த போலந்து அகதிகளை மணந்ததாகக் காட்டி அமெரிக்காவுக்கு அழைத்துவந்த வழக்கு ஒன்று உண்டு. 1953-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. சடங்கு செல்லுமா என்பதைக் காட்டிலும், சேர்ந்து வாழும் எண்ணம் இருந்ததா என்பதே முக்கியம் என்ற நிலைப்பாடு அதிலிருந்து வலுப்பெற்றது. இன்றும் அதிகாரிகள் தேடுவது அதைத்தான்: கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், புகைப்படங்கள். சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனி அறையில் வைத்து, காலையில் முதலில் எழுந்தவர் யார், படுக்கையில் யார் எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டு விடைகளை ஒப்பிடுவார்கள். நாற்பது ஆண்டு குடித்தனம் நடத்தியவர்களே இதில் மாட்டிக்கொள்ளக்கூடும் என்பது என் எண்ணம்.

1985-இல் குடியேற்றத் துறை, திருமண விண்ணப்பங்களில் 30 விழுக்காடு போலி என்ற கணக்கை நாடாளுமன்றத்தின் முன் வைத்தது. அந்த எண் சந்தேகிக்கப்பட்டவற்றைக் குறித்தது, நிரூபிக்கப்பட்டவற்றை அன்று என்பது பின்னர் வெளிப்பட்டது. ஆனால் அதற்குள் 1986-இன் திருமண மோசடித் திருத்தச் சட்டம் வந்துவிட்டது. இதன்படி மணமாகி ஈராண்டு நிறையாதவர்க்கு நிபந்தனையுடன் ஈராண்டு அட்டை மட்டுமே கிடைக்கும். அதன் முடிவில் இருவரும் சேர்ந்து மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். போலித் திருமணத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை. கணவன் கையெழுத்திட்டால்தான் நிலை உறுதி என்றானதால், அடி உதை தாங்கிக்கொண்டு வாழ்ந்த மனைவியர் பலர். 1990-லும் 1994-லும் வந்த திருத்தங்கள், துன்புறுத்தப்பட்டவர் துணைவரின் தயவின்றித் தாமே விண்ணப்பிக்க வழி திறந்தன.

மெய்யான திருமணத்தையே திருமணமாக ஏற்க மறுத்த காலமும் உண்டு. ஆஸ்திரேலியரான ஆன்டனி சல்லிவன், அமெரிக்கக் குடிமகனான ரிச்சர்ட் ஆடம்ஸை 1975-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டரில் மணந்தார். ஒருபால் இணையருக்கு அங்கே அப்போது திருமண உரிமம் வழங்கப்பட்டது. குடியேற்றத் துறையோ அவர்களை இழிசொல்லால் குறித்தே மறுப்புக் கடிதம் அனுப்பியது. 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தோற்றனர். சல்லிவன் ஆவணமின்றியே பல்லாண்டு ஆடம்ஸுடன் வாழ்ந்தார். 2012-இல் ஆடம்ஸ் இறந்தார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நிலைமையை மாற்றியது. 2016-இல், துணையை இழந்தவர் என்ற முறையில், சல்லிவனுக்குக் கிரீன் கார்டு வந்து சேர்ந்தது.

1996-க்குப் பின்

வேலி தாண்டி வந்தவர்களுக்கும் 1994-இல் நாடாளுமன்றம் ஒரு தற்காலிக வழி திறந்தது. கூடுதல் கட்டணம் செலுத்தினால் வெளியே போகாமலே நிலை மாற்றலாம். கட்டணம் பிறகு 1,000 டாலரானது. 2000-ஆம் ஆண்டு இறுதியில் வந்த சட்டம் இதற்குக் கடைசி நாளாக 2001 ஏப்ரல் 30-ஐக் குறித்தது. அந்நாளுக்குள் துணைவரின் மனு பதிவாகியிருந்தால் இன்றும் அவ்வழி செல்லும். ஒரு நாள் பிந்தியிருந்தாலும் செல்லாது.

இதற்கிடையே 1996 செப்டம்பரில் கையெழுத்தான சட்டமே பழைய ஏற்பாட்டைக் கவிழ்த்தது. 180 நாளுக்கு மேல் ஓராண்டுக்குள் சட்டமின்றித் தங்கி வெளியேறியவருக்கு மூன்றாண்டும், ஓராண்டு அல்லது அதற்கு மேல் தங்கி வெளியேறியவருக்குப் பத்தாண்டும் திரும்பி வரத் தடை. வெளியேறினால்தான் தடை, ஆனால் வேலி தாண்டி வந்தவர் வெளியேறினால்தான் விசா. இரண்டு விதிகளையும் சேர்த்துப் படித்தால் சிக்கல் விளங்கும். போய்வரச் சில வாரம் என்றிருந்தது, பத்தாண்டுப் பிரிவாகிவிட்டது.

விலக்கு கேட்கலாம். அதற்குக் குடிமகனோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவரோ ஆன துணைவர் அல்லது பெற்றோர் கடுந்துன்பம் அடைவார் என்று நிரூபிக்க வேண்டும். பிள்ளைகளின் துன்பம் இக்கணக்கில் நேரடியாகச் சேராது. அவர்கள் அமெரிக்காவில் பிறந்த குடிமக்களாக இருந்தாலும் சேராது. இந்தச் சட்டத்தில் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாத வரி இதுதான். 2013 மார்ச் வரை இவ்விலக்கை வெளிநாட்டில் இருந்தபடியே கேட்க வேண்டியிருந்ததால், மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரஸ் தூதரக அலுவலகத்துக்குப் போனவர்கள் விடை வரும்வரை அங்கேயே கிடந்தனர். அதன்பின் புறப்படும் முன்பே தற்காலிக ஒப்புதல் பெறும் முறை வந்தது; 2016-இல் அது விரிவாக்கப்பட்டது.

2024 ஜூன் 18-இல் அரசு மற்றொரு வழியை அறிவித்தது. பத்தாண்டுகளாக நாட்டில் வாழ்ந்து, குடிமக்களை மணந்து, குற்றப் பின்னணியற்றிருந்தவர்களுக்கு உள்ளிருந்தபடியே நுழைவு அனுமதி தரும் திட்டம் அது. அதாவது, நுழைந்த முறையில் இருந்த குறையைக் காகிதத்தில் நிரப்புவது. ஏறத்தாழ 5 லட்சம் துணைவர்கள் பயன்பெறலாம் என்று மதிப்பிடப்பட்டது. ஆகஸ்ட் 19-இல் விண்ணப்பங்கள் பெறத் தொடங்கினர். டெக்சாஸ் தலைமையில் 16 மாநிலங்கள் வழக்குத் தொடர்ந்தன. ஒரு வாரத்தில் இடைக்காலத் தடை வந்தது. நவம்பர் 7-இல் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம், இத்தகைய அதிகாரம் அரசுக்கு இல்லை என்று கூறித் திட்டத்தை நீக்கியது. விண்ணப்பித்திருந்தவர்கள் மீண்டும் ஹுவாரஸ் வழிக்கே திரும்பினர்.