மானி நகர் மாதாகோயில்

மாளிகைகளும் கோபுரங்களும் தம்மைக் கட்டுவித்தவரின் பெயரை உரக்கக் கூறும். கல் சுமந்தவரின் பெயரைக் கூறா. ஆதலின், ஒரு பழங்கட்டடத்தின் வரலாற்றை அறிய விழைவோர் அதன் முகப்பைக் கண்டு வியந்ததோடு அமையாது, முன்றிலில் நின்று சில வினாக்களை வினவுதல் வேண்டும். இதனைக் கட்டியவர் யாவர்? எவர் ஏவக் கட்டினர்? கட்டியபின் அவர் பெற்ற பயன் யாது? இவ்வினாக்களுக்கு நெஞ்சை உருக்கும் விடை தரும் சிற்றூர் ஒன்று மெக்சிக்கோ நாட்டில் உளது. யுகடான் தீபகற்பத்தில், மேரிடா நகருக்குத் தெற்கே உள்ள அவ்வூரின் பெயர் மானி.

ஊரும் கோயிலும்

ஊர் சிறிது, கோயிலோ பெரிது. அதிதூதர் மிக்கேலின் பெயரால் அமைந்த மாதாகோயிலும், அதனையொட்டிய துறவியர் மடமும் ஊரின் நடுவே கோட்டை போல் நிற்கின்றன. சுவர்கள் மிகத் தடித்தவை. முகப்பில் அணிவேலை குறைவு. உள்ளே மரத்தாற் செய்து வண்ணந்தீட்டிய பழைய பீடங்கள் உள. ஆயினும் காண்போர் கருத்தை முதலில் ஈர்ப்பது கோயிலின் பக்கத்தே வாய் திறந்து நிற்கும் பெரிய வளைவு ஒன்றேயாம். அது திறந்தவெளிக் கோயில் எனப்படும். குருமார் வளைவின் கீழ் நின்று பூசை செய்ய, புதிதாக மதம் மாற்றப்பட்ட மாயர்கள் வெளி முற்றத்தில் கூட்டங் கூட்டமாய் நிற்பர். ஓர் இனம் முழுவதையும் சில ஆண்டுகளுக்குள் மதம் மாற்ற விரைந்தவர்க்கு, கூரையிட்ட கூடம் எதுவும் போதவில்லை.

பிரான்சிஸ்கு சபைத் துறவிகள் இம்மடத்தை 1549-ஆம் ஆண்டில் நிறுவினர். மாயர் ஆறாயிரம் பேர் ஏழே திங்களில் இதனை எழுப்பினர் என்பது வழிவழி வரும் செய்தி. கணக்கு எவ்வாறாயினும், கல் சுமந்த தோள்கள் மாயருடையவை என்பதில் ஐயமில்லை.

நட்புக்குக் கிடைத்த பரிசு

மானி அக்காலத்தில் சிற்றூர் அன்று. ஷியு என்னும் அரசகுடியினரின் தலைநகராய் விளங்கியது. 1542-இல் ஸ்பானியர் மேரிடா நகரை நிறுவியபோது, ஏனைய மாயத் தலைவர் பலர் எதிர்த்து நிற்க, ஷியு குடியினர் அவர்களோடு நட்புப் பூண்டனர். தம் பகைக் குடியினரை வெல்ல அயலானின் படை உதவும் என்று கருதினர் போலும். ஞானஸ்நானம் பெற்றனர், ஸ்பானியப் பெயரும் சூடினர். மானியின் தலைவர், நாட்டை வென்ற படைத்தலைவரின் பெயரையே ஏற்று, பிரான்சிஸ்கோ தெ மொந்தேகோ ஷியு என வழங்கப்பெற்றார்.

இருபது ஆண்டு சென்றது. 1562-ஆம் ஆண்டு மே திங்களில் மானியை அடுத்த குகையொன்றில் பழைய தெய்வ உருவங்கள் வழிபாட்டில் இருப்பது வெளிப்பட்டது. அப்போது சபையின் மாநிலத் தலைவராயிருந்தவர் தியேகோ தெ லாந்தா என்னும் துறவி. நாட்டில் மேற்றிராணியார் எவரும் அந்நாளில் இலர். அதனால் விசாரணை அதிகாரம் முழுவதையும் அவரே மேற்கொண்டார். மாயர்கள் மணிக்கட்டிற் கயிறு பிணித்துத் தூக்கப்பட்டனர். காலில் கல் கட்டப்பட்டது. கசையடியும் உருக்கிய மெழுகும் தொடர்ந்தன. மூன்று திங்களில் 4,500-க்கு மேற்பட்டோர் வதைக்கப்பட்டனர் என்றும், அவருள் 158 பேர் அதனால் மாண்டனர் என்றும் பின்னர் நடந்த அரசாங்க விசாரணை கண்டது. அச்சத்தால் தற்கொலை புரிந்தோரும் உளர். மானியின் தலைவரும் சிறைப்பட்டார். அயலானை வரவேற்ற ஊருக்கு அயலான் அளித்த பரிசு இதுவே.

ஏடுகள் எரிந்த நாள்

1562 ஜூலைத் திங்கள் 12-ஆம் நாள், மானியில் பெருங்கூட்டத்தின் முன் தண்டனை விழா நடந்தது. தெய்வ உருவங்களோடு மாயரின் ஏடுகளும் தீயிலிடப்பட்டன. அவ்வேடுகளைப் பற்றி ஒரு சொல். அத்தி இனத்து மரத்தின் உட்பட்டையைத் தட்டித் தாளாக்கி, அதன்மேற் சுண்ணம் பூசி, மடித்து மடித்து வைப்பது அவர் வழக்கம். புள்ளியும் கோடும் கொண்டு எண்ணை எழுதினர். இருபதை அடியாகக் கொண்டு எண்ணினர். சுழியத்திற்கும் தனிக் குறி வைத்திருந்தனர். இன்று ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உள்ள மாய ஏடு, வெள்ளிக்கோள் 584 நாளுக்கு ஒருமுறை சுற்று நிறைவுறுதலையும் கிரகணம் நேரத்தக்க நாட்களையும் அட்டவணையாக்கிக் காட்டுகிறது. இத்தகைய அறிவைத் தாங்கிய ஏடுகளுள் உலகில் எஞ்சியவை நான்கே. டிரெஸ்டன், மாட்ரிட், பாரிஸ் நகரங்களில் மூன்றும், மெக்சிக்கோ மாநகரில் ஒன்றும் உள. நான்காவது ஏடு மெய்யானதே என்பது 2018-இல் உறுதிசெய்யப்பட்டது.

ஏடுகளில் பேயின் பொய்யும் மூடநம்பிக்கையுமே இருந்தனவாதலின் எரித்தோம் என்றும், அது கண்டு மாயர்கள் பெரிதும் வருந்தினர் என்றும் லாந்தாவே பின்னர் எழுதினார். பிறர் வருத்தத்தை வியப்போடு குறித்தாரேயன்றி, அதன் காரணத்தை அவர் உணர்ந்திலர்.

எனினும் நடுநிலை பிறழாது கூறுதல் வரலாற்றின் கடமை. மாயரைக் கசக்கிப் பிழிந்த ஸ்பானிய நிலக்கிழார்களைத் துறவிகள் பல்லாற்றானும் கண்டித்துள்ளனர், லாந்தாவும் கண்டித்தவரே. அவர் மாய மொழியை நன்கு கற்றவர். மேலும், 1562 ஆகஸ்டில் வந்து சேர்ந்த மேற்றிராணியார் பிரான்சிஸ்கோ தெ தோரல் அதே சபையைச் சார்ந்தவராயினும், கொடுமையைக் கண்டு வெகுண்டு விசாரணையை நிறுத்தினார், சிறைப்பட்டோரை விடுவித்தார். லாந்தா ஸ்பெயினுக்குச் சென்று மறுமொழி கூற நேர்ந்தது. ஆயினும் 1569-இல் குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டார். தோரல் இறந்தபின் 1572-இல் யுகடானின் மேற்றிராணியாராகவே அமர்த்தப்பட்டார்!

இருவகை மடல்கள்

இவ்வரலாற்றில் என் நெஞ்சில் நிலைத்த பகுதி இனி வருவது. 1567 பிப்ரவரியில் மாயத் தலைவர் பலர் ஸ்பெயின் மன்னர்க்கு மடல்கள் விடுத்தனர். துறவிகள் நல்லவர், அவரை மீண்டும் அனுப்புக என்பது அவற்றின் பொருள். ஆனால் மடல்கள் ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் ஒன்றாயிருந்தன. தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாய் ஏடெழுதிப் பிழைக்கும் எளியேனுக்கும் இதன் பொருள் விளங்கும். பல கையொப்பத்தின்மேல் ஒரே வாசகம் காணின், எழுதிய கை ஒன்று, ஒப்பமிட்ட கைகள் பல என்க.

அவ்வாண்டு ஏப்ரல் 12-இல் வேறொரு மடல் எழுந்தது. மானித் தலைவர் மொந்தேகோ ஷியுவும் வேறு மூவரும் அதிற் கையொப்பமிட்டனர். தம் மக்கள் பட்ட வதையை அதில் மன்னர்க்கு அஞ்சாது எடுத்துரைத்து, லாந்தாவின்மேற் குற்றஞ்சாட்டினர். துறவியர் பள்ளியிற் பயிற்றிய எழுத்தே துறவியர்மேல் முறையீடு எழுதவும் பயன்பட்டது. அடிபணிந்து நடத்தற்கெனக் கற்பித்த எழுத்து நிமிர்ந்து நிற்கக் கற்றுக்கொண்டது.

எரித்தவர் விட்ட திறவுகோல்

லாந்தா தாம் அறிந்தவற்றைத் தொகுத்து, ஏறத்தாழ 1566-இல் யுகடான் நாட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அது முந்நூறு ஆண்டு மறைந்து கிடந்து, 1864-இல் அச்சேறியது. அதில் மாய நெடுங்கணக்கு என்று சில குறிகளை வரைந்திருந்தார். அவற்றை எழுத்தென்று நம்பிப் படிக்க முயன்றோர் தோற்றனர். 1952-இல் யூரி கினோரோசாவ் என்னும் சோவியத்து அறிஞர் உண்மையைக் கண்டார். லாந்தா ஸ்பானிய எழுத்துக்களின் பெயரை ஒவ்வொன்றாய்ச் சொல்ல, கேட்ட மாயர் அப்பெயரின் ஒலிக்குரிய குறியை வரைந்து கொடுத்திருக்கிறார். அவை பெரும்பாலும் நம் உயிர்மெய்யைப் போன்று மெய்யும் உயிரும் கூடிய அசைக்குறிகள்! அத்திறவுகோல் கொண்டே மாயக் கல்வெட்டுக்கள் பின்னர்ப் படிப்படியாய்ப் பேசத் தொடங்கின.

மானி மக்களும் வாளாவிருந்திலர். பழைய எழுத்துத் தடையுண்ட பின்னர், இலத்தீன் எழுத்தில் தம் மொழியிலேயே ஊர் வரலாற்றையும் காலக்கணக்கையும் எழுதிப் படிமேற் படியாய்க் காத்தனர். சிலாம் பாலாம் என்னும் அவ்வரிசை நூல்களுள் மானி நகரின் பெயரால் வழங்குவதும் ஒன்று. எரிந்த ஊரிலேயே ஏடு மீண்டும் தளிர்த்தது. மெக்சிக்கோவில் இன்றும் ஏழரை லட்சத்திற்கு மேற்பட்டோர் யுகடான் மாய மொழியைப் பேசுகின்றனர்.

அன்பர்களே! எழுத்து எவர் கொடுத்ததாயினும், கற்றவன் கையில் அது கற்றவனுக்கே உரியது. தோட்டத்திலும் நகரத்திலும் வாழும் நம்மனோரின் பெயர்கள் பிறர் வைத்த செக்குரோலில் மட்டும் வாழ்ந்தாற் போதுமோ? பெரியோர் நினைவில் உள்ள ஊர்ச் செய்திகளைக் கேட்டெழுதுக. ஒரு படியோடு நில்லாது பல படி எடுத்துப் பல வீட்டில் வைக்க. ஒரே இடத்திற் குவிந்த ஏட்டுக்கு ஒரு தீக்கொள்ளி போதும். ஊரெங்கும் பரவிய எழுத்தை எந்தத் தீயும் உண்ண மாட்டாது.