ஒரு மைனஸ் குறிக்கு 24 வருஷம்

போன மாசம் வல்லத்துக்குப் போயிருந்தப்ப, பத்தாவது படிக்கிற அண்ணன் பையன் இயற்பியல் நோட்டை நீட்டினான். "சித்தப்பா, உந்தக் கணக்கு எனக்கு வரவே மாட்டேங்குது. பதினொண்ணாவதுல சயின்ஸ் குரூப்பே வேணாம்னு இருக்கேன்."

கணக்கு இதுதான். 2 கிலோ களிமண் உருண்டை வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போகிறது. எதிரே 1 கிலோ உருண்டை 6 மீட்டர் வேகத்தில் வருகிறது. மோதி ஒட்டிக்கொண்டால் வேகம் என்ன? பையன் 6-ஐயும் 6-ஐயும் கூட்டி, 12-ஐ 3 கிலோவால் வகுத்து, 4 மீட்டர் என்று போட்டிருந்தான். சரியான விடை பூஜ்யம். எதிர்த்திசைக்கு மைனஸ் போடணும். 6-க்கு 6 சரியாப் போச்சு.

இதே தப்பை அவனுக்கு முன்னாடி செய்தவர் ரெனே டேக்கார்ட். 1644-ல் வெளிவந்த தன் நூலில், கடவுள் உலகத்துக்குக் கொடுத்த இயக்கத்தின் மொத்த அளவு மாறாது என்றார். அளவு என்றால் பருமன் பெருக்கல் வேகம். திசையை அதில் சேர்க்கவில்லை.

அது ஏன் நிற்காது? செஞ்சிக் கோட்டையில் ஒரு பீரங்கியை நினைச்சுக்கோங்க. பீரங்கி 2000 கிலோ, குண்டு 10 கிலோ என்று வைப்போம். சுடும் முன் எல்லாம் சும்மா நிற்கிறது, மொத்தம் பூஜ்யம். குண்டு 300 மீட்டர் வேகத்தில் பாய்ந்தால் அதன் உந்தம் 3000. பீரங்கி 1.5 மீட்டர் வேகத்தில் பின்னால் உதைக்கும், அதுவும் 3000. டேக்கார்ட் கணக்குப்படி பூஜ்யம் 6000 ஆகிவிடுகிறது! பின்னால் போவதற்கு மைனஸ் போட்டால்தான் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும்.

1668-ல் லண்டன் ராயல் சொசைட்டி மோதல் விதிகளைக் கேட்டது. ஜான் வாலிஸ், கிறிஸ்டோபர் ரென், ஹைகன்ஸ் மூவரும் எழுதி அனுப்பினார்கள். எதிரே வருவதைக் கழிக்க வேண்டும் என்பது வாலிஸின் கணக்கில் தெளிவாக இருக்கிறது. ஹைகன்ஸ் 1650-களிலேயே டேக்கார்ட் தவறு என்று கண்டுபிடித்திருந்தார், அச்சுக்குத்தான் கொடுக்கவில்லை. நியூட்டனின் நூல் 1687-ல் வந்தது. மூணே வருஷத்தில், 1690-ல், முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. பின்னால் உதைக்கும் என்று பீரங்கிக்காரனுக்கு எந்த நூலும் சொல்லத் தேவையில்லை.

பையனிடம் ஒண்ணுதான் சொன்னேன்: எண்ணைத் தொடும் முன் அம்புக்குறி போடு, எந்தப் பக்கம் பிளஸ் என்று எழுதிவை. அடுத்த நாலு கணக்கில் மூணு சரி. எந்த குரூப் என்பது அவன் இஷ்டம். ஆனா டேக்கார்ட்டே கோட்டை விட்ட ஒரு குறிக்காக, இயற்பியல் தனக்கு வராதுன்னு அவன் முடிவு கட்ட வேண்டாம்.